பழைய விளையாட்டு, புதிய கணினி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் வேலைவாய்ப்பு, விவசாயம், கரும்பு விலை, மாவட்ட வளர்ச்சி என்று பெரிய விஷயங்களைப் பேசிவிட்டுப் போய்விட்டார்கள். நான் வீடியோ கேம் பற்றிப் பேசப் போகிறேன். தலை நரைத்த காலத்தில் இவனுக்கு இது தேவையா என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், பரவாயில்லை. அந்தப் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் என்னோடு விளையாடியவர்கள்தான். இருபது நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு செய்தி. இருபத்தைந்து, முப்பது வருஷத்துக்கு முன்னால் நாம் ஆடிய சண்டை விளையாட்டுகளும் பேய் விளையாட்டுகளும் இன்றைய கம்ப்யூட்டரில் ஓடுமா? ஓடும். ஆனால் தானாக ஓடாது. யாரோ ஒருவர் ராத்திரி கண்விழித்து மெனக்கெட்டதால்தான் ஓடுகிறது. அந்த யாரோ ஒருவர், பல சமயம், அதை விற்றுக் காசு பார்த்த கம்பெனி இல்லை. இது விளையாட்டோடு நிற்கிற சங்கதியும் இல்லை. அது எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

டேவ் முதல் ஐ.ஜி.ஐ. வரை

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். நாங்கள் படித்தபோது, 1993-ல் தென்னாற்காடு பிரிந்து விழுப்புரம் மாவட்டம் பிறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஊரில் கம்ப்யூட்டர் சென்டர்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், ஃபாக்ஸ்புரோ என்று பலகை தொங்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏ.சி. இருக்கிற ஒரே அறை அதுதான். வகுப்பு முடிந்ததும் மாஸ்டர் வெளியே டீ குடிக்கப் போவார். அடுத்த நிமிஷம் திரையில் டேவ் வந்து நிற்பான்.

அந்த டேவை உங்களில் பலருக்குத் தெரியும். சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு, கோப்பையை எடுத்துக்கொண்டு கதவுக்கு ஓடுவான். அதை எழுதியவர் ஜான் ரொமேரோ என்ற அமெரிக்க இளைஞர். 1988-ல் ஆப்பிள் கம்ப்யூட்டருக்காக எழுதினார். பிறகு டாஸுக்கு வந்தது. அதே ரொமேரோ தன் கூட்டாளிகளோடு 1991-ல் டேவை ஒரு பேய் மாளிகைக்குள் அனுப்பினார், கையில் துப்பாக்கி கொடுத்து. அடுத்த வருஷம் வுல்ஃபென்ஸ்டைன். 1993 டிசம்பர் 10-ம் தேதி டூம். அதாவது நாம் லேபில் ஆடிய அந்தச் சின்னப்பிள்ளை விளையாட்டும், உலகத்தையே மிரட்டிய டூமும் ஒரே கையில் பிறந்த அண்ணன் தம்பிகள்.

டூம் ஓட 386 கம்ப்யூட்டரும் 4 எம்.பி. நினைவகமும் போதும். கதவைத் திறந்தால் இருட்டு, இருட்டுக்குள் உறுமல். உண்மையில் அது முழு முப்பரிமாணம் கிடையாது. ஒரு அறைக்கு மேலே இன்னொரு அறை வைக்க முடியாது. நிமிர்ந்து பார்க்கவும் முடியாது. அந்தக் குறையெல்லாம் நம் கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வளவு வேகம்.

பிறகு பென்டியம் வந்தது, சி.டி. வந்தது, பிரௌசிங் சென்டர் வந்தது. மணிக்கு இவ்வளவு என்று காசு. 2000-ம் வருஷக் கடைசியில் வந்த புராஜெக்ட் ஐ.ஜி.ஐ.யை மறக்க முடியுமா? நார்வே நாட்டில் இன்னர்லூப் என்ற கம்பெனி செய்தது. அவர்கள் அதற்கு முன்னால் போர் விமான விளையாட்டு செய்தவர்கள். அந்த இயந்திரத்தை வைத்தே இதையும் செய்தார்கள். அதனால்தான் அதில் மலையும் வெளியும் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். கல்வராயன் மலையிலிருந்து படிக்க வந்த நம் நண்பர்கள், "டேய், இது எங்க ஊர் மாதிரி இருக்குடா" என்பார்கள். அதில் ஒரு கொடுமை உண்டு. ஒரு கட்டத்தின் நடுவில் சேமித்து வைக்க முடியாது. முக்கால் மணி நேரம் பதுங்கிப் பதுங்கிப் போய்க் கடைசிக் கதவைத் தொடும்போது கரண்ட் போய்விடும். மறுபடி முதலிலிருந்து. நம் ஊர் மின்வெட்டுக்கும் நார்வேக்காரனுக்கும் அப்படி ஒரு உடன்பாடு.

அன்றைக்கு அந்த சென்டர்களில் இருந்தவை அநேகமாக எல்லாமே நகல்கள். ஊருக்கு ஊர், கைக்குக் கை மாறி வந்தவை. இதன் நியாய அநியாயத்தைப் பிறகு தொடுகிறேன்.

ஏன் ஓடுவதில்லை?

நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மாசத்துக்கு இரண்டு பேராவது ஒரு பழைய சி.டி.யைக் கொண்டுவந்து, "இதைப் போட்டுக் குடுங்க, பையனுக்குக் காட்டணும்" என்கிறார்கள். போட்டால் ஓடாது. சி.டி. கெட்டுப்போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரம் சி.டி. நன்றாகத்தான் இருக்கும். காரணம் வேறு. நாலைந்து காரணங்களைச் சொல்கிறேன்.

முதல் காரணம், 16 பிட். டாஸ் காலத்து நிரல்கள் 16 பிட் மொழியில் பேசுகின்றன. 64 பிட் விண்டோஸுக்கு அந்தப் பேச்சே புரியாது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், 1990-களின் பிற்பகுதியில் வந்த பல விளையாட்டுகள் 32 பிட்தான். அவை ஓடத் தயார். ஆனால் அவற்றை நிறுவிக் கொடுக்கிற செட்டப் நிரல் மட்டும் 16 பிட்டாக இருக்கும். மாப்பிள்ளை தயார், தாலி எடுத்துக் கொடுக்க ஐயர் இல்லை என்கிற கதை.

இரண்டாவது, வேகம். பழைய விளையாட்டுகள் சில நேரத்தைக் கடிகாரம் பார்த்து அளக்கவில்லை. கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அதுவே அவற்றுக்கு நேரம். 486 பெட்டியில் டர்போ என்று ஒரு பட்டன் இருந்ததே, நினைவிருக்கிறதா? கம்ப்யூட்டரின் வேகத்தை வேண்டுமென்றே குறைப்பதற்குத்தான் அது பெரிதும் பயன்பட்டது. இன்றைய மெஷினில் அந்த விளையாட்டைத் திறந்தால் எதிரி வருவதற்கு முன்பே நாம் செத்திருப்போம்.

மூன்றாவது, பூட்டு. சி.டி. நகலைத் தடுக்க சேஃப்டிஸ்க் என்று ஒரு பூட்டு போட்டிருந்தார்கள். அது விண்டோஸின் அடிமடியில் கை வைக்கிற பூட்டு. பாதுகாப்புக்கு ஆபத்து என்று 2015-ல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்க மறுத்துவிட்டது. விளைவு? காசு கொடுத்து அசல் சி.டி. வாங்கியவன் ஆட முடியாது. பூட்டை உடைத்த திருட்டு நகல் மட்டும் ஓடும்.

நான்காவது, கார்டுகள். 3டிஎஃப்எக்ஸ் என்ற கம்பெனியின் கிராபிக்ஸ் கார்டுக்கென்றே எழுதிய விளையாட்டுகள் உண்டு. 2000-ம் ஆண்டோடு அந்தக் கம்பெனியின் கதை முடிந்து, சொத்துகள் என்விடியா கைக்குப் போயின. ஒலியிலும் அப்படித்தான். 2007-ல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது, பின்னால் காலடி, இடது பக்கம் மூச்சு என்று பிரித்துக் காட்டிய பழைய ஒலி வழியை அடைத்துவிட்டார்கள். சண்டை விளையாட்டுக்கு இது சின்ன நஷ்டம். பேய் விளையாட்டுக்குப் பாதி உயிர் போன மாதிரி.

ஐந்தாவது, திரை. டூம் 320-க்கு 200 என்ற புள்ளிக் கணக்கில் வரையப்பட்டது. பழைய குண்டு மானிட்டர் அதைக் கொஞ்சம் உயரமாக இழுத்துக் காட்டும். இன்றைய தட்டைத் திரையில் அப்படியே போட்டால் ஆட்களெல்லாம் குள்ளமாக, சப்பையாகத் தெரிவார்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதைத்தானா நீங்கள் அழகு என்றீர்கள் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எப்படி ஓடுகிறது?

வழிகள் மூன்று.

முதல் வழி, புதிய கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டரை நடிக்க வைப்பது. 2002-ல் முதன்முதலாக வெளிவந்த டாஸ்பாக்ஸ் அந்த வேலையைச் செய்கிறது. 386, சவுண்ட் பிளாஸ்டர், டாஸ் எல்லாமாக அது ஒருத்தியே வேஷம் கட்டுகிறது. வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இலவசம். ஆர்வலர்கள் செய்தது. இன்றைக்குக் கடையில் காசுக்கு விற்கிற பழைய டாஸ் விளையாட்டுகள் பலவற்றின் உள்ளே இருப்பதும் இந்த இலவச டாஸ்பாக்ஸ்தான்.

இரண்டாவது வழி, சோர்ஸ் கோட், அதாவது மூல நிரல் கிடைப்பது. டூமின் மூல நிரலை 1997 டிசம்பரில் அதைச் செய்த கம்பெனியே உலகத்துக்குக் கொடுத்துவிட்டது. 1999-ல் யாரும் எடுத்து மாற்றலாம், ஆனால் மாற்றியதையும் பிறருக்குத் திறந்து கொடுக்க வேண்டும் என்கிற பொது உரிமத்தின்கீழ் வந்தது. இதிலும் ஒரு சிக்கல். டூமின் ஒலிப் பகுதி இன்னொருவரிடம் உரிமம் வாங்கிப் போட்டது. அதைக் கொடுக்க முடியாது. ஆகவே டாஸ் பதிப்பை விட்டுவிட்டு லினக்ஸ் பதிப்பின் நிரலைக் கொடுத்தார்கள். குறைந்ததை மற்றவர்கள் எழுதி நிரப்பினார்கள். இன்றைக்கு டூம் ஓடாத பொருள் இல்லை. கால்குலேட்டர், பிரிண்டரின் சின்னத் திரை எல்லாவற்றிலும் ஓட்டிக் காட்டிவிட்டார்கள். சாக்லேட் டூம் என்று ஒரு பதிப்பு உண்டு. அதைச் செய்பவர்கள் மூலத்தில் இருந்த பிழையைக்கூடத் திருத்துவதில்லை. சுவடியைப் பெயர்த்து எழுதுகிற பழைய ஆட்கள் மாதிரி, கண்டது கண்டபடி.

மூன்றாவது வழி, கம்பெனி மூல நிரலைக் கொடுக்காமலே வெளியாள் ஒட்டுப் போடுவது. இதற்கு ஒரு நல்ல கதை சிஸ்டம் ஷாக் 2. 1999-ல் வந்த விண்கலப் பேய் விளையாட்டு. அதைச் செய்ததில் பங்கு கொண்ட லுக்கிங் கிளாஸ் கம்பெனி 2000-ல் மூடப்பட்டது. உரிமை கைமாறிக் கைமாறிக் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியிடம்! விளையாட்டு என்றால் என்ன என்றே தெரியாத ஒரு பீரோவுக்குள் அது தூங்கியது. ஸ்டீபன் கிக் என்பவர் அதை மறுபடி ஆட ஆசைப்பட்டு, எங்கும் சட்டப்படி வாங்க முடியாததைக் கண்டு, உரிமை யாரிடம் என்று தேடிப் பிடித்து, பேசி, 2013-ல் மறுவெளியீடு செய்தார். நைட்டைவ் என்ற அவரது கம்பெனி பிறந்ததே இப்படித்தான். ஆனால் அது புதிய கம்ப்யூட்டரில் ஓடியதற்குக் காரணம், அதற்கு முந்தைய ஆண்டில் பெயர் சொல்லாத ஒருவர் புனைபெயரில் வெளியிட்ட ஒரு ஒட்டு நிரல். அவர் யார் என்று வெளியே சொல்லிக்கொள்ளவே இல்லை. வேலையை முடித்து, திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பயம் எங்கே இருக்கிறது?

ஓட வைத்தால் போதுமா? இங்கேதான் நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

பேய் விளையாட்டின் வரலாற்றில் மூன்று பெயர்கள் முக்கியம். 1992-ல் பிரான்சிலிருந்து வந்த அலோன் இன் தி டார்க். 1996-ல் ஜப்பானின் கேப்காம் கம்பெனியில் ஷின்ஜி மிகாமி இயக்கிய ரெசிடென்ட் ஈவில். 1999-ல் கோனாமியின் சைலன்ட் ஹில். மூன்றையும் இன்று ஆடிப் பார்த்தால் ஒன்று புரிகிறது. அவர்களிடம் வசதி இல்லை. அந்த வசதி இல்லாமையைத்தான் பயமாக மாற்றினார்கள்.

பெரிய மாளிகையை முழுசாகச் சுற்றிச் சுற்றிக் காட்ட மெஷினுக்குச் சக்தி இல்லை. ஆகவே கேமராவை ஒரு மூலையில் நிறுத்தினார்கள். திருப்பத்தில் என்ன நிற்கிறது என்று நமக்குத் தெரியாது. பயம். ரெசிடென்ட் ஈவிலில் ஒவ்வொரு கதவும் மெள்ள, கறுப்புத் திரையில் தனியாகத் திறக்கும். அடுத்த அறையை சி.டி.யிலிருந்து படிக்க நேரம் வேண்டும், அதற்காக வைத்தது. நமக்கோ மூச்சு நின்றுவிடும். விளையாட்டைச் சேமிக்க டைப்ரைட்டர் ரிப்பன் வேண்டும், ரிப்பனுக்குத் தட்டுப்பாடு. தோட்டாவுக்கும் தட்டுப்பாடு. ரேஷன் கடையில் நின்று பழகிய நமக்கு அந்தக் கவலையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சைலன்ட் ஹிலில் தூரத்துத் தெருவை வரைய முடியாததால் மூடுபனியைப் போட்டு மறைத்தார்கள். மார்கழி விடியலில் வெள்ளிமலைக்கு ஏறுகிற முதல் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவர்களுக்கு அந்தப் பனி என்ன செய்யும் என்று தெரியும். நாலு அடிக்கு மேல் சாலை இல்லை. இருக்கிறது, ஆனால் தெரியவில்லை. பயம் அந்த இடைவெளியில்தான் குடியிருக்கிறது.

இப்போது, புதிய கம்ப்யூட்டருக்குச் சக்தி இருக்கிறதே, பனியை விலக்கிவிடலாமே, கதவைப் பட்டென்று திறக்கலாமே என்று தோன்றும். 2012-ல் கோனாமி சைலன்ட் ஹில்லின் இரண்டாம், மூன்றாம் பாகங்களைத் துல்லியப் படத்தோடு மறுவெளியீடு செய்தது. வேலை செய்தவர்களிடம் இறுதி மூல நிரல் போய்ச் சேரவில்லை. கம்பெனியே அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கவில்லை. முடிவடையாத ஒரு பழைய நிரலை வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். பனி கலைந்து, மறைக்க வேண்டியதெல்லாம் வெளியே தெரிந்தது. ஆடியவர்கள் கொதித்துப் போனார்கள். பிறகு ரசிகர்கள் சிலர் சேர்ந்து, இரண்டாம் பாகத்தின் பழைய கம்ப்யூட்டர் பதிப்பை எடுத்து, வருஷக்கணக்கில் உழைத்து, பனியைப் பனியாகவே மீட்டுக் கொடுத்தார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு அல்ல.

இதை நம் ஊர்க் கண்ணால் பார்த்தால் சுலபமாக விளங்கும். திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டின் மேல் பெயின்ட் அடிப்பதைப் பார்த்திருக்கிறோம். சிற்பத்தின் மூக்கு முழி மழுங்கும்படி சுரண்டுவதைப் பார்த்திருக்கிறோம். செய்கிறவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் போனது போனதுதான். பழையதைப் புதியதில் ஏற்றும்போது எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்தவன்தான் திருப்பணி செய்யலாம்.

ரெசிடென்ட் ஈவிலின் முதல் பதிப்பை 2024 ஜூன் மாதத்தில் ஜி.ஓ.ஜி. என்ற இணையக் கடை மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. போலந்து நாட்டில் 2008-ல் தொடங்கிய கடை அது. இதற்குத்தான் புதிதாகச் செய்த பதிப்பு இருக்கிறதே, பழசு எதற்கு என்று கேப்காம் முதலில் தயங்கியதாகவும், பேசிப் புரியவைத்ததாகவும் அந்தக் கடைக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். எதற்கு என்றால், அந்தக் கதவுக்காகத்தான். மெள்ளத் திறக்கிற அந்தக் கதவுக்காக.

மலையிலிருந்து வந்த மடிக்கணினி

தமிழக அரசு 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. நம் மாவட்டத்தில், மலைப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கும் அது கிடைத்தது. போன வருஷம் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி, தன் அக்காவுக்குக் கொடுத்த அந்தப் பழைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். "அண்ணே, வீட்ல இதை எடைக்குப் போடச் சொல்றாங்க. இதுல ஏதாச்சும் ஓடுமா?" என்றான்.

இன்றைய பெரிய விளையாட்டு எதுவும் அதில் ஓடாது. ஆனால் டூமுக்கு அது மாளிகை. 386-ல் ஓடியதற்கு இது எத்தனை மடங்கு! பேட்டரியை மாற்றி, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டு, டாஸ்பாக்ஸும் சாக்லேட் டூமும் வைத்து, டூமின் முதல் அத்தியாயத்தைக் கொடுத்தேன். அந்த முதல் அத்தியாயம் ஆரம்பத்திலிருந்தே இலவசமாகப் பகிர்ந்துகொள்ள அனுமதிக்கப்பட்டது, திருட்டு அல்ல. இணையம் வேண்டாம், சிக்னல் வேண்டாம், மாதச் சந்தா வேண்டாம். மலையில் அதுதான் பெரிய வசதி.

பதினைந்து நாள் கழித்து வந்தான். "பயமா இருந்துச்சா?" என்று கேட்டேன். அவன் சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன்: "பேய் எதிர்ல வந்தா பயம் இல்லேண்ணே, சுட்டுடலாம். செவுத்துக்கு அந்தாண்ட உறுமற சத்தம் மட்டும் கேக்குது பாருங்க, அதான் ஒரு மாதிரி இருக்கு. மரவள்ளிக் கொல்லையில காவலுக்குப் படுத்திருக்கும்போது பன்னி சத்தம் மட்டும் வரும், எந்தப் பக்கம்னு தெரியாது. அந்த மாதிரிண்ணே." ஆயிரம் பக்கம் எழுதுகிற விமர்சகன் சொல்ல வேண்டியதை அவன் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகுதான் விஷயமே. "இந்தச் சத்தம் செவுத்தைத் தாண்டி எப்படிண்ணே அதுக்குத் தெரியுது?" என்று கேட்டான். மூல நிரலைத் திறந்து காட்டினேன். நம் துப்பாக்கிச் சத்தம் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் பரவும், எந்த ராட்சசன் விழித்துக்கொள்வான் என்கிற கணக்கு அதில் இருக்கிறது. சி மொழி அவனுக்கு இன்னும் சரியாக வராது. ஆனால் கேள்வி வந்துவிட்டது. கேள்வி வந்தவனுக்கு மொழி வரும். மாணவத் தம்பி தங்கைகளே, ஒரு பெரிய நிரலை ஆதி முதல் அந்தம் வரை இலவசமாகப் படிக்க உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. படித்து, ஒரு எண்ணை மாற்றி, ஓட்டிப் பாருங்கள். எந்தப் பாடப் புத்தகமும் அந்தக் கிளர்ச்சியைத் தராது.

யார் பொறுப்பு?

அமெரிக்காவில் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை என்று ஒன்று இருக்கிறது. 2023-ல் அவர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 2010-க்கு முன்னால் அந்த நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை. நூற்றில் பதின்மூன்றுதான் மிச்சம். செய்த நாட்டிலேயே கதை இப்படி.

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எல்லாரும் முள்ளில் விழுந்து செத்த விளையாட்டு. ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவிட்டுப் படம் பிடித்து, அந்த அசைவை அப்படியே வரைந்து, 1989-ல் வெளியிட்டார். அதன் மூல நிரல் தொலைந்துபோனதாகவே அவர் நினைத்திருந்தார். 2012-ல் அவருடைய அப்பா வீட்டு அலமாரியை ஒழுங்கு பண்ணும்போது ஒரு பெட்டியில் ஃபிளாப்பிகள் கிடைத்தன. விஷயம் தெரிந்த இரண்டு மூன்று பேர் கூடி உட்கார்ந்து, அவற்றைப் பத்திரமாகப் படித்து எடுத்தார்கள். அப்பா அந்தப் பெட்டியைக் குப்பையில் போட்டிருந்தால்? அவ்வளவுதான்.

நியாய அநியாயத்தைப் பிறகு தொடுகிறேன் என்றேன். அடுத்தவர் உழைப்பைக் காசில்லாமல் எடுப்பது சரி என்று நான் வாதாட வரவில்லை. விற்பனையில் இருப்பதைக் காசு கொடுத்தே வாங்குங்கள். பழையவை பல சினிமா டிக்கெட் விலைக்கே கிடைக்கின்றன. பென் டிரைவில் வருகிற இலவச விளையாட்டோடு வைரஸும் இலவசமாக வருகிறது, அதைத் துடைக்கிற கூலி என் கடைக்குத்தான் வருகிறது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டமும், முறையாக வாங்கியவர் தன் நிரலுக்குப் பாதுகாப்பு நகல் எடுத்து வைத்துக்கொள்ள 52-ம் பிரிவில் இடம் கொடுக்கிறது. உங்கள் வீட்டில் அசல் சி.டி. இருந்தால் இன்றைக்கே நகல் எடுங்கள். சி.டி. நிரந்தரம் இல்லை. நம் வெயிலில் அதன் மேற்பூச்சு உரிவதை நான் தினமும் பார்க்கிறேன்.

கடைசியாக, நம் வீட்டுக் கதை

இனி நான் முதலில் சொன்ன பாக்கி. இந்தக் கல்லூரியில் பழைய மலர்கள் வெளிவந்தன. 1990-களில் பேஜ்மேக்கரில், அந்தக் காலத் தமிழ் எழுத்துருக்களில் அச்சுக்கோத்தோம். அப்போது ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு. இதை ஒழுங்குபடுத்தத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடே நடந்தது. இன்றைக்கு அந்தக் கோப்புகளை யாராவது திறக்க முடியுமா? பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்ததோடு சரி. அதன் இடத்தைப் பிடித்த இன்டிசைன்கூடப் புதிய பதிப்புகளில் அந்தக் கோப்பைத் திறப்பதில்லை. எழுத்துரு இல்லாமல் திறந்தால் திரையில் வருவது தமிழ் இல்லை, ஜிலேபி. அந்த மலர்களில் எழுதிய நண்பர்கள் சிலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்கள் எழுத்து எங்கேயோ ஒரு ஃபிளாப்பியில், ஒரு பீரோவில் இருக்கிறது.

எங்கோ ஒரு பேய் விளையாட்டைக் காப்பாற்ற முகம் தெரியாத ஒருவர் மெனக்கெட்டார். நம்முடையதைக் காப்பாற்ற முகம் தெரியாத எவரும் வரமாட்டார். நாம்தான் வரவேண்டும். விளையாட்டைக் காப்பாற்றும் அதே வித்தைதான் இதற்கும். பழைய விண்டோஸைப் புதிய கம்ப்யூட்டருக்குள் நடிக்க வைத்து, பழைய எழுத்துருவைப் போட்டு, கோப்பைத் திறந்து, யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

ஆகவே சங்கத்துக்கு மூன்று கோரிக்கைகள். ஒன்று, உறுப்பினர்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் ஃபிளாப்பி, சி.டி., பழைய எழுத்துரு, ஃபிளாப்பி டிரைவ் எதையும் எடைக்குப் போடாமல் சங்கத்தில் ஒப்படையுங்கள். இரண்டு, கணினித் துறை லேபில் ஒரு மூலையில் ஒரு மெஷினை இதற்காக ஒதுக்கித் தர முதல்வர் அவர்கள் மனம் வைக்க வேண்டும். மூன்று, மாணவர்களில் நாலு பேர் முன்வாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் நான் கடையை மூடிவிட்டு வருகிறேன். முதல் ஒரு மணி நேரம் மலர் வேலை. அடுத்த அரை மணி நேரம் டூம். அதற்கு நான் பொறுப்பு.